ஒரு பூனையும் 61 ஹாரனும்

எங்கள் படம், காசிமேட்டில் செல்போன் பறிக்கும் இரண்டு பையன்களின் கதை. கையில் இருந்த காசுக்கு 19 நாளில் எடுத்து முடித்துவிட்டோம். அதைவிட என்னைப் பாடாய்ப் படுத்தியது சென்சார் வேலைதான். நான் அசோசியேட் டைரக்டர் என்பதால் அது என் தலையில் விழுந்தது.

விண்ணப்பம் ஆன்லைன்தான். ஆனால் கூடவே சென்சார் ஸ்கிரிப்ட் தர வேண்டும். அதாவது திரையில் பேசுவது அத்தனையும் அப்படியே எழுத்தில். நாங்கள் எழுதிய வசனத்தை எங்கள் பையன்கள் எங்கே பேசினார்கள்? பாதி ஸ்பாட்டில் வாய்க்கு வந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று நாள் கேட்டுக் கேட்டு எழுதினேன். டைப் செய்த அக்கா பத்தாவது பக்கத்தில் நிமிர்ந்து, "தம்பி, இதையுமா அடிக்கணும்?" என்றார். அடிக்கணும். எண்ணிப் பார்த்தால் ஒரே கெட்ட வார்த்தை 61 இடத்தில்!

அப்புறம் பூனை. மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த ஷாட்டில் அது பாட்டுக்குக் குறுக்கே நடந்து போயிருக்கிறது. விலங்கு வந்தால் விலங்குகள் நல வாரியச் சான்று வேண்டும். அதற்குப் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி கேட்டிருக்க வேண்டும். கூப்பிடாமல் வந்த பூனைக்கு என்ன செய்வது? எடிட்டர் ஷாட்டைப் பெரிதாக்கி அதை ஃபிரேமுக்கு வெளியே தள்ளினார். வால் மட்டும் போக மறுத்தது. அதை இருட்டாக்கினோம். பீடி பிடிக்கும் இடங்களில் எச்சரிக்கை வாசகம் போட்டதெல்லாம் சின்ன வேலை.

சென்சார் குழு உறுப்பினர்கள் படம் பார்க்கும்போது நாங்கள் வெளியே. பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள்: அந்த வார்த்தை போனால் யுஏ 16+, அதாவது 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்; இருந்தால் ஏ, பெரியவர்களுக்கு மட்டும். என்னைக் கேட்டால் இந்தப் படத்துக்கு ஏ-தான் சரி. ஆனால் தயாரிப்பாளர் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்திருந்தார். ஏ வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது. சாட்டிலைட் வியாபாரம் அதோடு போய்விடும். டைரக்டர் எதுவும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

வெறுமனே மியூட் செய்தால் உதட்டசைவைப் பார்த்துத் தியேட்டரே அந்த வார்த்தையைச் சொல்லிவிடும். அதனால் 61 இடத்திலும் லாரி ஹாரன், ஆட்டோ ஹாரன், ரயில் சத்தம் என்று கிடைத்ததையெல்லாம் போட்டு நிரப்பினோம்.

முதல் நாள் காட்சி முடிந்து, நடித்த பையனின் அம்மா என்னிடம் வந்தார். "படம் நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா எங்க தெருவுல யாரு இவ்ளோ ஹாரன் அடிக்கிறது?"