கை தூக்கினால் இழுக்காத குர்தா

ஜனவரி 16, 2025, வியாழன்

குர்லா எக்ஸ்பிரஸ் மும்பை வந்து சேரும்போது சாயங்காலம். பொங்கலுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மூடிக்கிடக்கும் இந்த நாட்களை விட்டால் எனக்கு லீவு கிடையாது. அப்பா பிழைப்புக்குத் திருநெல்வேலியிலிருந்து திருப்பூர் வந்தார். அவருடைய அக்கா கல்யாணமாகி தாராவிக்கு வந்தாள். தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கீழே சமையல், இரும்பு ஏணியில் ஏறினால் படுக்கை. மெட்ராஸைக்கூட சரியாகப் பார்க்காதவள் நான். இங்கே குடியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஏணியில் ஏறும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

ஜனவரி 17, வெள்ளி

சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டியில் (பழைய விடி) இறங்கினேன். முதலில் ஜே.ஜே. கலைப்பள்ளி. 1857இல் தொடங்கியது. உள்ளே போகவில்லை, வெளியிலிருந்தே பார்த்தேன். பானு அதையா படித்த இடம் இது. கோலாப்பூரிலிருந்து ஓவியம் படிக்க வந்தவர். பத்திரிகைக்கு ஃபேஷன் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பத்திரிகை ஆசிரியர் ஒரு துணிக்கடை திறந்து, நீயே உடை வடிவமைத்துப் பாரேன் என்று சொல்லப்போய், வரைந்ததெல்லாம் உடையாக மாறியது. அப்புறம் சினிமா. ‘காந்தி’ படத்தின் உடைகளுக்காக 1983இல் ஆஸ்கர், இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். நான் படித்த கல்லூரியில் பாரிஸ் டிசைனர்கள் பெயரையெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இவர் பெயர் எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஒரு சின்ன ஊர்ப் பெண்ணுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பெயர் இவருடையதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அங்கிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட்டைத் தாண்டி மங்கள்தாஸ் மார்க்கெட். மேலே கூரை, கீழே குறுகிய சந்துகள், இரண்டு பக்கமும் துணி. எங்கள் ஊரில் துணியைக் கிலோவில்தான் பேசுவோம், எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), எத்தனை ரோல் என்று. ஒரே டி-ஷர்ட் பத்தாயிரம் பீஸ் போகும். இங்கே ஒரு அம்மா ஒன்றரை மீட்டர் வாங்க அரைமணி நேரம் பேசுகிறார், கடைக்காரரும் சலிக்காமல் உருளை உருளையாகப் பிரித்துப் போடுகிறார். ஒரே ஒரு உடைக்காக இவ்வளவு பேச்சு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அச்சுப் போட்ட அஜ்ரக், மெல்லிய சந்தேரி, மிருதுவான மல் பருத்தி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். வாங்கியது மஷ்ரு. குஜராத் நெசவு. மேல்பக்கம் பட்டின் மினுமினுப்பு, உடம்பில் படும் பக்கம் பருத்தி. பின்பக்கத்தைத் திருப்பிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெளியே யாருக்கும் தெரியாத பக்கத்தில்தான் சுகத்தை வைத்திருக்கிறார்கள். இப்படி யோசித்து நெய்த அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

புலேஷ்வர் லேஸ் கடைகளுக்கும் போனேன். அதை எழுதப் போனால் இந்த ராத்திரி போதாது.

ஜனவரி 18, சனி

காலை கூட்டத்தில் பெண்கள் பெட்டி. அத்தை முன்கூட்டியே சொன்னாள்: “ஏட்டி, ஷாலை இடுப்புல முடிஞ்சுக்கோ. இறங்கும்போது எவளாவது இழுத்துட்டுப் போயிருவா.”

உட்கார இடமில்லை. எல்லாக் கைகளும் மேலே, கைப்பிடியில். நான் பார்த்தது அந்தக் கைகளைத்தான். கை உயர்ந்ததும் குர்தாவின் அக்குள் பகுதி இழுக்கிறது, தோள் தூக்குகிறது, அடிப்பகுதி இடுப்புக்கு ஏறுகிறது, இன்னொரு கை அதைக் கீழே இழுத்துவிடுகிறது. பையையும் பிடிக்க வேண்டும், போனையும் பிடிக்க வேண்டும். தினமும் இப்படியே போய்வருகிறார்கள். நெய்த துணி நீளாது. கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு நிற்கும் பெண்ணை நினைத்தே அளவெடுக்கிறோம். பின்னல் துணி நீளும், திரும்பச் சுருங்கும். அது எனக்கு அத்துப்படி. மஷ்ரு குர்தாவில் அக்குளுக்குக் கீழே மட்டும் ரிப் துணியில் (பனியன் கழுத்தில் வைக்கும், நன்றாக நீளும் பின்னல் துணி) டைமண்ட் வடிவத் துண்டு வைத்தால்? ரயிலிலேயே போனில் வரைந்தேன்.

கரி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பழைய மில் பகுதியான லோயர் பரேலுக்கு நடந்தேன். 1982இல் இதே ஜனவரி 18இல்தான் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் துணி மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர். பெரும்பாலானவர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. நெசவு பிவண்டி விசைத்தறிகளுக்குப் போனது. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இப்போது மால், பழைய புகைபோக்கி மட்டும் நிற்கிறது. உள்ளே ஒரு டி-ஷர்ட்டைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சுற்றி அடிக்கும், துணியோடு நீளும் தையல்), கழுத்தில் டேப், சுத்தமான வேலை. எங்கள் ஊரில் தினம் பார்க்கிற மாதிரியே இருந்தது. துணி நெய்த இடத்திலேயே துணி விற்கிறார்கள், நெய்த ஆளைத்தான் காணவில்லை. இந்த நகரத்தில் வாழ வந்தால் இதை மறக்காமல் வாழ வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

மார்க்கெட் லீவு. அத்தைக்குத் தெரிந்த தையல் பட்டறைக்குப் போனேன். ஒரே அறையில் ஒரு பக்கம் மிஷின்கள், இன்னொரு பக்கம் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஆரி எம்பிராய்டரி வேலை. பீகாரிலிருந்து வந்த பையன்கள், தரையில் உட்கார்ந்து ஊசியை மேலும் கீழும் விட்டு எடுக்கிறார்கள். துணியைப் பார்க்காமலே பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள், கோடு கொஞ்சம்கூட விலகவில்லை. மால் கண்ணாடிக்குள் பொம்மை போட்டிருக்கும் லெஹங்காக்களுக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரிக் கைகள்தான்.

மாஸ்டர் தூத்துக்குடிக்காரர். என் படத்தைப் பார்த்தார். “ரிப்பை சிங்கிள் நீடில்ல அடிச்சா இழுக்கும்போது நூல் அறுந்துரும் தாயி” என்றார். தெரியும் அண்ணாச்சி, பக்கத்துப் பட்டறை ஓவர்லாக்கில் அடிக்கலாமா என்று கேட்டேன். அதன்பிறகு அவர் என்னிடம் பேசிய விதமே மாறிவிட்டது. வெட்டினேன், அவர் தைத்தார், துண்டை மட்டும் நானே ஓவர்லாக்கில் ஏற்றினேன்.

எனக்கு வேண்டியது இந்தச் சந்துதான். காலையில் மங்கள்தாஸ், மத்தியானம் இந்தப் பட்டறை, ராத்திரி ஏணி ஏறிப் படுக்கை. பணக்காரர்கள் வாழும் பாந்த்ரா போய்ப் பார்க்கவே தோன்றவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ராத்திரி வண்டி. காலையில் அந்தக் குர்தாவைப் போட்டுக்கொண்டு சயானிலிருந்து தாணேக்கும், அங்கிருந்து சிஎஸ்எம்டிக்கும் கூட்டத்தில் நின்றே போனேன். கை தூக்கினால் தோள் அசையவில்லை, அடிப்பகுதி ஏறவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா என் அக்குளைக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டார். எங்கே வாங்கினாய் என்பது மட்டும் புரிந்தது. “நானே தைத்தேன்” என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். எனக்கும் ஒன்று என்று கைகாட்டினார்.

அத்தையிடம் வாடகை கேட்டேன். பக்கத்துச் சந்தில் மாடி அறைக்கே என் சம்பளத்தில் பாதிக்கு மேல், டெபாசிட் தனி. “மொதல்ல மழைக்காலத்துல வந்து ஒரு மாசம் இருந்து பாரு, அப்புறம் பேசு” என்கிறாள். சரி, ஜூலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் வேலை இருக்கிறது. மஷ்ருவும் ரிப்பும் சேரும் தையல் லேசாக அலை அடிக்கிறது. கம்பெனி மிஷினில் டிஃபரன்ஷியல் ஃபீடை (தைக்கும்போது துணி நீண்டுவிடாமல் தள்ளிக்கொடுக்கும் அமைப்பு) கூட்டி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு துணியும் ஒரே அளவு சுருங்குமா என்று துவைத்தும் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த மஷ்ரு எவ்வளவு நேரத்தில் காயும் என்பதும் பார்க்க வேண்டியதுதான்.