கூம்பு ஒருவழியாகக் கழன்றது: லெவல் 2 ராக்கெட், ஏழாவது தரைச்சோதனை

நேற்று மாலை மூக்குக்கூம்பு பறந்தது. பன்னிரண்டு அடி தள்ளிப் போய் மணலில் குத்தி நின்றது. அதன் பின்னாலேயே பாராசூட் முழுதாக வெளியே வந்து பரந்து கிடந்தது. ராக்கெட் தரையைவிட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை; கருமருந்தின் சிறு வெடிப்பு கூம்பைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே கொண்டுவருகிறதா என்று தரையிலேயே பார்க்கும் சோதனை இது. கிடைமட்டமாகத் தாங்கியில் படுத்திருந்தது. ஆனாலும் நானும் மகளும் கைதட்டிக் குதித்தோம். நாயை அழைத்துக்கொண்டு நடந்துபோன ஒருவர் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு முறை தோற்றுவிட்டு ஏழாவது முறை வென்றவனின் ஆட்டம் அவருக்கு எப்படிப் புரியும்?

கதை போன மாதம் கலிபோர்னியாவின் லூசர்ன் வறண்ட ஏரியில் தொடங்கியது. பெரிய மோட்டார்களை ஏவ பொழுதுபோக்கு ராக்கெட்காரர்கள் வாங்க வேண்டிய லெவல் 2 சான்றிதழுக்கான பறப்பு. எழுத்துத் தேர்வை முன்பே முடித்திருந்தேன். ராக்கெட் என் சொந்த வடிவமைப்பு: 4 அங்குல அட்டைக்குழாய், பிளைவுட் துடுப்பு மூன்று, 38 மில்லிமீட்டர் மோட்டார் குழாய், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 3.2 கிலோ. ஓப்பன்ராக்கெட் என்ற வடிவமைப்பு மென்பொருளில் மாதக்கணக்கில் துடுப்பின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, நிலைத்தன்மையை ஒன்றரை காலிபரில் (ஒரு காலிபர் என்பது குழாயின் விட்டம்) கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். கூம்புக்குள் ஈயக்குண்டுகளை எபாக்ஸியில் குழைத்து ஊற்றியதும் அதற்காகத்தான். மோட்டார் ஜே350; அந்த எழுத்து மோட்டாரின் ஆற்றல் வகுப்பு.

ஏறியது அழகாக ஏறியது. ஏவுதண்டிலிருந்து கோடு கிழித்ததுபோல நேராகப் போனது. உச்சியில் சின்னப் புகை, சிறிய பாராசூட் வெளியே வந்தது. எல்லாரும் தலையாட்டினார்கள். 700 அடியில் பெரிய பாராசூட் வர வேண்டும். 'டப்' என்ற சத்தம் கீழே தெளிவாகக் கேட்டது. ஆனால் எதுவும் வரவில்லை. நொடிக்கு எண்பது அடி வேகத்தில் அப்படியே இறங்கியது. 700 அடியைக் கடக்க ஒன்பது நொடிகூட ஆகவில்லை; எனக்கு அது ஒன்பது நிமிடம். வறண்ட ஏரியின் தரை கோடையில் சிமெண்டுத் தளம் மாதிரி இருக்கும். ஒரு துடுப்பு அடியில் விரிசல் விட்டது, குழாயின் கீழ் விளிம்பு நசுங்கியது. சான்றிதழ் இல்லை. உயரத்தை அளந்து, உரிய நேரத்தில் மருந்தைக் கொளுத்தும் ஆல்டிமீட்டர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல 2,870 அடி என்று பீப் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

தவறு என்னுடையதுதான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பறப்புக்கு முன்னால் நான் செய்த தரைச்சோதனை பாசாங்கு. பாராசூட்டை உள்ளே வைக்காமல், இரண்டே ஷியர் பின் (கூம்பைக் குழாயோடு பிடித்து வைத்து, வெடிப்பில் அறுபட வேண்டிய சின்ன நைலான் திருகு) போட்டு, கூம்பு கழன்றதும் 'சரியாக இருக்கிறது' என்று எழுதி வைத்துவிட்டேன். களத்துக்குப் போனபின் அங்கிருந்த பெரியவர் ஒருவர் கூம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கனத்துக்கு இரண்டு போதாது, உச்சியில் உதறும்போதே கழன்றுவிடும்" என்றார். அவர் சொன்னது நியாயம். அங்கேயே மூன்றாவது துளை போட்டு மூன்றாவது பின்னைத் திருகினேன். மறுபடி சோதிக்கவில்லை. சோதித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கணக்கைத் தூசி தட்டினேன். குழாய் விட்டத்தின் வர்க்கம், பாராசூட் அறையின் நீளம், 0.006 மூன்றையும் பெருக்கினால் கருமருந்து எத்தனை கிராம் என்று வரும், அளவெல்லாம் அங்குலத்தில், அழுத்தம் 15 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. எனக்கு 4 அங்குலம், 18 அங்குலம், 1.7 கிராம். கூம்பின் பரப்புக்கு அது 188 பவுண்டு தள்ளுவிசை. 2-56 என்ற திருகு அளவில் நைலான் பின் ஒன்று முப்பது பவுண்டு சொச்சத்தில் அறுபடும் என்பார்கள். மூன்றுக்கும் சேர்த்து நூறு சொச்சம். காகிதத்தில் நான் ஜெயித்திருக்கிறேன். கூம்புக்குத்தான் அது தெரியவில்லை.

முதல் துப்பு ஆல்டிமீட்டரின் வரைபடத்தில் கிடைத்தது. சரியாக 700 அடியில் கோடு திடீரென்று கீழே குத்தி, அடுத்த கணமே மேலே வந்திருந்தது. ராக்கெட் ஒரு கணத்தில் பல நூறு அடி விழுந்து மறுபடி ஏறுமா என்ன? ஏறாது. ஆல்டிமீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் காற்றழுத்தம் ஒன்றுதான். அழுத்தம் கூடினால் கீழே இறங்கிவிட்டோம் என்று அது நினைத்துக்கொள்ளும். ஆக, வெடிப்பின் வாயு ஆல்டிமீட்டர் இருக்கும் கருவி அறைக்குள் புகுந்திருக்கிறது. அந்த அறையை மருந்திலிருந்து பிரிக்கும் தடுப்புப் பலகையைக் கழற்றினேன். உள்பக்கம், கம்பி வரும் துளையைச் சுற்றி, விசிறி மாதிரி கறுப்பாகக் கரி படிந்திருந்தது. நூல் போன்ற இரண்டு கம்பிகளுக்கு நான் போட்டிருந்த துளை 6 மில்லிமீட்டர். அடைத்து வைத்திருந்த பசைக்களிமண் எங்கேயோ போய்விட்டது.

ஆனாலும் சந்தேகம் தீர, அந்தத் துளையை அடைக்காமலேயே முதல் சோதனையைச் செய்தேன். ஊருக்கு வெளியே நண்பரின் காலி நிலம். நீளமான கம்பி, கண்ணாடி, காதடைப்பு, குழாயின் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது என்ற சட்டம், எல்லாம் வழக்கம்போல. மகள்தான் எண்ணினாள். 'புஸ்' என்று ஒரு சத்தம். கூம்பு அசையவில்லை. "அப்பா, புகை நடுவிலிருந்து வருகிறது" என்றாள். ஆல்டிமீட்டருக்கான காற்றுத்துளைகள் வழியாக மூன்று இழையாகப் புகை வந்துகொண்டிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை பத்து நொடியில் கண்டுபிடித்ததை நான் ஒரு வாரம் வரைபடத்தை வைத்துக்கொண்டு துப்பறிந்திருக்கிறேன்.

துளையை எபாக்ஸியால் அடைத்து, கம்பிகளுக்கு வெளியே முனையத்திருகு வைத்தேன். இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாவது சோதனையில் கூம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்து, கோணலாகச் சிக்கிக்கொண்டு நின்றது.

இங்கேதான் அட்டைக்குழாயின் குணம் தெரியவந்தது. பின் அறுபட வேண்டுமானால் அதை இரண்டு கூர்மையான விளிம்புகள் எதிரெதிராக வெட்ட வேண்டும், பாக்குவெட்டி பாக்கை வெட்டுவதுபோல. கண்ணாடி இழைக் குழாயில் அந்த விளிம்பு இயல்பாகவே இருக்கிறது. அட்டையில் ஏது விளிம்பு? பின் அட்டையை நசுக்கிக்கொண்டு சாய்கிறது, துளை நீள்வட்டம் ஆகிறது, சாய்ந்த நைலான் குழாய்க்கும் கூம்பின் கழுத்துக்கும் இடையில் ஆப்பு மாதிரி இறுகிவிடுகிறது. கழற்றிப் பார்த்தபோது மூன்று பின்களும் வளைந்திருந்தன; ஒன்றுகூட அறுபடவில்லை. குழாயில் ஒவ்வொரு துளையும் கண் மாதிரி நீண்டு கிடந்தது.

மருந்தைக் கூட்டிவிடு என்று மனம் சொல்லும். சொல்லிற்று, கேட்டேன். மூன்றாவது சோதனையில் இரண்டரை கிராம். கூம்பு போனது, ஆனால் ஒரு பின் தன்னோடு அட்டையையும் பிய்த்துக்கொண்டு போனது. கூம்பை ராக்கெட்டோடு பிணைக்கும் அதிர்ச்சிக்கயிறு விறைத்த வேகத்தில் தடுப்புப் பலகையின் வளையத் திருகாணி கொஞ்சம் வளைந்தேவிட்டது. ராக்கெட்டைக் காப்பாற்ற வேண்டிய மருந்து ராக்கெட்டையே உடைக்கக் கூடாது. அந்த வழியை அன்றே மூடிவிட்டேன்.

நான் சாத்தூர்க்காரன். எங்கள் பக்கம் யாரும் கருமருந்து என்று சொல்வதில்லை, வெறும் 'மருந்து'தான். அந்தச் சொல்லோடு எத்தனை பேர் கை போயிருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்தே ஞாபகம் வரும். அதனால் அளக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் அளக்கிறேன். மருந்து தனி அறையில், அதைக் கொளுத்தும் மின்திரியான ஈ-மேட்ச் தனி அறையில், போன் வேறெங்கோ. அம்மா போனில் கேட்டாள்: "தீபாவளிக்கு வாணம் விட பயப்படுவாய், இப்போது அமெரிக்காவில் போய் இதையா செய்கிறாய்?" பயப்படுவதால்தான் ஒழுங்காகச் செய்கிறேன் என்றேன். நம்பவில்லை.

நான்காவது சோதனைக்கு, பிய்ந்த இடத்தை ஒட்டிவிட்டு, வேறு இடத்தில் புதுத் துளைகள் போட்டு, அவற்றின் விளிம்பில் சூப்பர் க்ளூவை ஊறவிட்டுக் காயவைத்தேன். அட்டை பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகும். பலரும் இதோடு திருப்தி அடைகிறார்கள். எனக்கு இரண்டு பின் சுத்தமாக அறுந்தன, மூன்றாவது இழுத்துப் பிடித்தது. மூன்றில் இரண்டு என்பது தேர்வில் பாஸ், பாராசூட்டில் பெயில்.

மிச்சம் இருந்தது பித்தளை. கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் விரல்நகம் அளவுக்குச் சதுரங்கள் ஆறு. மூன்றைக் குழாயின் உள்பக்கம், மூன்றைக் கூம்பின் கழுத்தில், துளை இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். சொல்லும்போது எளிது. முதலில் மேலேயே ஒட்டிவிட்டேன். கூம்பு குழாய்க்குள் போக மறுத்துவிட்டது. கால் மில்லிமீட்டர் இந்தப் பக்கம், கால் மில்லிமீட்டர் அந்தப் பக்கம், இதற்கு எங்கே இடம்? எல்லாவற்றையும் பிரித்து, கத்தியால் சதுரத்தைக் கீறி, அட்டையின் மேல் அடுக்கை மட்டும் உரித்தெடுத்துப் பள்ளம் செய்து, தகடு அதில் சமமாக உட்காரும்படி ஒட்டினேன். கூம்பின் பிளாஸ்டிக் கழுத்தில் அதே வேலையை உளியால். ஒரு சதுரத்துக்கு முக்கால் மணி நேரம். மனைவி எட்டிப் பார்த்து, "நகை வேலையா நடக்கிறது?" என்றாள்.

ஐந்தாவது சோதனையில் இரண்டு தகடுகள் பெயர்ந்து வந்தன. பித்தளையின் பளபளப்பில் எபாக்ஸி பிடிக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் உப்புத்தாள் போட மறந்துவிட்டேன். ஒட்டும் பக்கத்தை 80 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி ஒட்டி, ஓர் இரவு முழுக்கக் கவ்வியில் விட்டேன். அதன்பின் கூம்பைக் குழாயில் செருகி, இரண்டு தகட்டையும் சேர்த்து ஒரே வீச்சில் துளையிட வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் மயிரிழை விலகும், அந்த விலகல் போதும் காரியத்தைக் கெடுக்க. கூம்பு எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் போடவில்லை, அதுதான் ஆறாவது சோதனையின் கதை. அதைப் பற்றி இதற்குமேல் பேச விரும்பவில்லை.

ஏழாவது: பாராசூட் மடித்து, தீக்காப்புத் துணியில் சுற்றி, மேலே 'நாய் வாந்தி' ஒரு கைப்பிடி. தீப்பிடிக்காத காகித இழைப்பஞ்சுக்கு இந்த ஊர் ராக்கெட்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஒருமுறை பார்த்தால் பெயருக்குக் காரணம் கேட்க மாட்டீர்கள். பின் மூன்று. மருந்து அதே 1.7 கிராம், ஒரு துளி கூட்டவில்லை. 'டப்'. இந்த முறை சத்தமே வேறு மாதிரி இருந்தது, பாட்டில் மூடி கழன்றதுபோலச் சுருக்கமாக. ஓடிப்போய் குழாயைப் பார்த்தேன். மூன்று துளையிலும் பின்னின் தலை அப்படியே உட்கார்ந்திருந்தது. நகத்தால் தள்ளியதும் உதிர்ந்தது. வெட்டுவாய் பிளேடால் நறுக்கியதுபோல வழுவழுப்பாக இருந்தது. பக்கவாட்டிலிருந்து புகை இல்லை. இருட்டுவதற்குள் பின்களை மாற்றி இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன். இரண்டிலும் அதே முடிவு.

விரிசல் விட்ட துடுப்பை முன்பே பிரித்து ஒட்டியாயிற்று. அடியில் எபாக்ஸிக் கரை போட்டு, தேக்கரண்டியின் முதுகால் வழித்துவிட்டேன். உப்புத்தாள் வேலையும் பெயிண்டும் பாக்கி. மகள் ஊதா வேண்டும் என்கிறாள். பாலைவனத்தில் தேடும்போது கண்ணில் படுகிற நிறமாக இருந்தால் நல்லது என்று ஆரஞ்சுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன். தோற்பேன் என்று தெரியும்.

மோட்டாரைத் தபாலில் வரவழைக்கப் போவதில்லை. 2009-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மோட்டாரில் இருக்கும் அம்மோனியம் பெர்க்ளோரேட் எரிபொருள் அமெரிக்க அரசின் வெடிபொருள் பட்டியலில் இல்லை; ஆனாலும் கூரியர்க்காரர்களுக்கு அது அபாயச் சரக்குதான், கட்டணத்தில் பாதி மோட்டாரே வாங்கிவிடலாம். களத்துக்கு வண்டியில் கொண்டுவந்து விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் கதை முடிந்தது. கண்ணாடி இழைக் குழாய் வாங்கவும் அவரிடமே விலை கேட்டிருக்கிறேன். ஆமாம், இந்த ராக்கெட் இன்னும் பெயிண்ட்கூடக் காணவில்லை, அதற்குள் 54 மில்லிமீட்டர் 'கே' மோட்டாருக்கு அடுத்தது வரைந்துகொண்டிருக்கிறேன். அதையும் தாண்டி லெவல் 3 என்றால் வடிவமைப்பை முன்கூட்டியே மூத்தவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், ஆல்டிமீட்டர் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும். கருவி அறையை இப்போதே அதற்கு இடம் விட்டு வரைந்தால் என்ன? மனைவி காதில் இது விழ வேண்டாம். இன்னொன்று, அந்த இழைக்குழாயை அறுக்கும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் உட்காராதீர்கள். தூள் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிப்பு.

பறப்பு அடுத்த மாதம். சோதனைகளில் பின் எல்லாம் தீர்ந்துவிட்டதால் நூறு பின் கொண்ட பொட்டலம் ஒன்று வரவழைத்தேன். இன்று காலை வந்தது. அதே 2-56, அதே நைலான் என்றுதான் உறையில் போட்டிருக்கிறது. ஆனால் இதுவரை வாங்கியவை வெள்ளை, இவை கறுப்பு. ஒன்றை இடுக்கியால் வளைத்துப் பார்த்தேன், வெள்ளையைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. சனிக்கிழமை நிலத்துக்கு வரலாமா என்று நண்பருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். மறுபடியும் மூன்று சோதனை.