வியாழன் இரவு எட்டரை மணி

நான் முதலில் வேலை செய்த கிளினிக்கில் வெள்ளையரல்லாத தெரபிஸ்ட், அதாவது மனநல ஆலோசகர், நான் ஒருத்திதான். படிவத்தில் ‘கலாசாரம்’ என்ற சொல் இருந்தாலே போதும், தமிழோ பஞ்சாபியோ சோமாலியோ, அந்தக் கிளையன்ட் என்னிடம்தான் வருவார். எனக்குப் பஞ்சாபியில் ஒரு சொல்கூடத் தெரியாது.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து “தெரபிஸ்ட் எப்போது வருவார்?” என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்புறம் ஐம்பது நிமிடமும் என் ஆங்கிலத்தைப் பாராட்டினார். இந்த மாதிரிக் குத்தல்களுக்கு ‘மைக்ரோஅக்ரெஷன்’ என்று 1970இலேயே பெயர் வைத்துவிட்டார் கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ். பெயர் இருந்து என்ன, சூப்பர்விஷனில் போய்ச் சொன்னால் “அது உன்னை ஏன் இவ்வளவு தாக்குகிறது என்று யோசித்துப் பார்” என்றார் மேற்பார்வையாளர். கேள்வி பிழையில்லை, எங்கள் தொழிலே அதுதான். ஆனால் கனடாவின் ஒன்ராறியோவில் தெரபிஸ்டாக முழுப் பதிவு கிடைக்க கிளையன்டோடு 450 மணித்தியாலமும் மேற்பார்வையில் 100 மணித்தியாலமும் காட்ட வேண்டும், அதற்குக் கையெழுத்து வைக்கிறவரும் அவரேதான், அவரிடம் எவ்வளவு வாய் திறக்க முடியும்? தலையாட்டிவிட்டு வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

வியாழன் குழு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஐந்து பெண்கள், எல்லாரும் வெள்ளையரல்லாத தெரபிஸ்ட்கள், ஐந்து ஊர்ப் பின்னணி. முதல்நாள் ஸ்காபரோவில் ஒரு ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடையில் சந்தித்தோம். பக்கத்து மேசையில் இரண்டு தமிழ் அன்ரிமார் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டியதும் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டோம். அன்றிலிருந்து ஸூம்தான், பிள்ளைகள் படுத்த பிறகு, காதில் ஹெட்போனோடு. கிளையன்ட் பெயர், ஊர், வேலையிடம் எதுவும் வாயில் வரக்கூடாது. யாரும் யாருக்கும் கையெழுத்து வைப்பதில்லை, காசும் இல்லை.

நிறம் ஒன்றே எல்லாரையும் சேர்த்துவிடும் என்று நினைத்திருந்தேன். “எங்கள் எல்லாருக்கும் ஒரே பிரச்சினைதானே” என்று ஒருநாள் சொல்ல, ஜமைக்கப் பின்னணித் தோழி “போலீஸ் காரை மறித்தால் உனக்கும் எனக்கும் ஒரே பயமா?” என்றாள். பதில் இல்லை. இன்னொருநாள், ஒரு தமிழ்க் கிளையன்ட் முதல் கேள்வியாகவே “பிள்ளை எந்த ஊர்? அப்பா ஆர்?” என்று கேட்டதைச் சொன்னபோது நாலு பேரும் எவ்வளவு பாசம் என்று உருகினார்கள். அது சாதியைத் துழாவுகிற கேள்வி என்று விளங்கப்படுத்த அரைமணி நேரம் போனது. புலம்பல் மடமாகிவிடுமோ என்ற பயமும் இருந்தது. சில வியாழன்கள் அப்படித்தான் போயின, அதுவும் வேண்டித்தான் இருந்தது.

ஆனால் ஒரு வியாழனை மறக்க முடியாது. ஒரு வயதான அம்மா (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்த இரவில் அதே சனத்துக்குள் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நானும் இருந்தேன், ஆறு வயது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. குழுவில் நான் சொல்லச் சொல்ல, சோமாலியாவின் மொகடிஷுவை விட்டு ஓடிவந்த குடும்பத்துத் தோழி குறுக்கே கேட்டாள்: “மழை என்று அவர் சொன்னாரா, நீ சொல்கிறாயா?”

குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ‘கடும் மழை’ என்று என் கையெழுத்தில் இருந்தது. அவர் சொன்ன ஞாபகம் இல்லை. மேற்பார்வையாளர் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான், ஆனால் இந்தமுறை என்னால் உடனே பதில் சொல்ல முடிந்தது: அது என்னுடைய மழை.

அடுத்த கிழமை அந்த அம்மாவிடம் கேட்டேன். “மழையோ? தெரியாது பிள்ளை. கையில ஒரு கோழியை அணைச்சுக்கொண்டு வந்தனான். பாலம் தாண்டித்தான் பார்த்தன், அது எப்பவோ செத்துப்போச்சு.”