டெக்சாஸில் தற்காப்புக் கைத்துப்பாக்கிப் பயிற்சி: சேர எண்ணுவோருக்குச் சில குறிப்புகள்

டெக்சாஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பிய ஒருவர் உரிமம் பெறாமலேயே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொண்டு நடமாடலாம். பயிற்சி பெற்றே ஆக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தாததால், அந்தப் பொறுப்பு முழுவதும் வாங்குபவரின் தலையில் விழுகிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த எண்ணத்தில்தான் முதலில் உரிம வகுப்பையும், பின்னர் இரண்டு நாள் தற்காப்புப் பயிற்சியையும் முடித்தேன். கை தன் வேலையைத் தானே செய்யும் அளவுக்குப் பழகிவிட்டால்தான், சுட வேண்டுமா கூடாதா என்று தீர்மானிக்க மனத்துக்கு இடம் கிடைக்கும். பயிற்சி முழுவதும் அந்த ஒன்றை நோக்கியே அமைந்திருந்தது.

எதற்கும் முன்பாக உங்கள் குடிவரவு நிலையைப் பாருங்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் நான்கு தோட்டா சுட்டாலும் அது இந்தத் தடைக்குள் வரும். நம்மவர்கள் பலர் இதை அறியாமல் வார இறுதிப் பொழுதுபோக்காக எண்ணிப் போகிறார்கள். பின்னால் பச்சை அட்டை விண்ணப்பத்தில் இது பெரும் சிக்கலாகக்கூடும். பச்சை அட்டை பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஐயம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

உரிமம் கட்டாயமில்லை என்றாலும், வேறு பல மாநிலங்கள் அதை ஏற்பதால் பெற்று வைப்பது நல்லது. வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம் நடக்கும். எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு எடுத்தால் போதும். துப்பாக்கியின் பாகங்களைப் பற்றிய கேள்விகளைவிடச் சட்டக் கேள்விகளே தடுமாறச் செய்யும். ஆகவே டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 9-ஆம் அத்தியாயத்தை முன்கூட்டியே நிதானமாகப் படியுங்கள். ஒருவர் வாயால் எவ்வளவு சீண்டினாலும், அது மட்டுமே பலத்தைப் பயன்படுத்துவதற்கு நியாயமாகாது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. துப்பாக்கியோடு நுழைவதைத் தடுக்கும் 30.06, 30.07 என்ற எண்களைத் தாங்கிய அறிவிப்புப் பலகைகளும், மது விற்பனையே முக்கிய வருமானமாக உள்ள கடைகளில் தொங்கும் 51 விழுக்காட்டுப் பலகையும் எதைத் தடுக்கின்றன என்பதை வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சுடும் தேர்வில் 3, 7, 15 கஜத் தொலைவுகளில் முறையே 20, 20, 10 என மொத்தம் 50 தோட்டாக்கள்; 250 புள்ளிகளில் 175 தேவை. அசையாத காகித இலக்கை நின்ற இடத்திலிருந்தே சுடுவதால், ஓரளவு பழகியவர்கள் எளிதில் தேறிவிடுவார்கள். இந்தத் தேர்ச்சியைத் தற்காப்புத் திறன் என்று எண்ணிவிடக் கூடாது.

தற்காப்புப் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியலைப் பயிற்சி நடத்துபவர்களே அனுப்புவார்கள். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள்கள் இரண்டு: விசைப்பகுதியை முழுவதும் மூடுகிற, இடுப்பின் வெளிப்புறம் அணியும் உறுதியான ஹோல்ஸ்டர் என்ற துப்பாக்கி உறையும், அது சாயாமல் தாங்கும் கெட்டியான பெல்ட்டும். துணியால் ஆன மலிவு உறைகளைப் பல பயிற்றுநர்கள் அனுமதிப்பதே இல்லை. காதுக்கு, பேச்சைக் கேட்கவிட்டு வெடிச் சத்தத்தை மட்டும் அடக்கும் மின்னணுக் காதுறை வாங்கினால் கட்டளைகள் தெளிவாகக் கேட்கும். கழுத்தை ஒட்டிய சட்டையும் முன்பக்கம் விளிம்புள்ள தொப்பியும் அணியுங்கள். வெளியேறும் வெற்றுத் தோட்டாக்கூடு சுடச்சுட சட்டைக்குள் விழுந்தால், துப்பாக்கி கையில் இருப்பதையே மறந்து துள்ளுவது மனித இயல்பு. கருவுற்றிருப்பவர்கள் ஈயத் துகளையும் பேரொலியையும் கருதிப் பயிற்சியைத் தள்ளிவைப்பதே சரி.

முதல் நாள் காலையில் தோட்டா வெளியே வருவதற்கு முன்பே நான்கு விதிகளைச் சொல்லச் செய்வார்கள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பப்பட்டிருப்பதாகவே கொள்ள வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்முனை படக் கூடாது. குறி இலக்கின் மீது நிலைக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1976-இல் அரிசோனாவின் பால்டனில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் தொகுத்துத் தந்த வடிவம் இது. மனப்பாடம் செய்வது எளிது. களைத்துப்போன மாலை நேரத்தில், அருகில் இருப்பவர் கூப்பிட்டதும் துப்பாக்கியோடு திரும்பாமல் இருப்பது கடினம். ஆகவே விரலை விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடற்பகுதியின் பக்கவாட்டில் நீட்டி வைக்கும் பழக்கத்தைப் பயிற்சிக்குச் செல்வதற்குப் பல வாரங்கள் முன்பே வீட்டில் தொடங்கிவிடுங்கள்.

புதியவர்களின் குண்டு பெரும்பாலும் இலக்குக்குக் கீழே விழும். கண்ணில் குறையில்லை; வெடிப்பை எதிர்பார்த்து, அது நிகழும் முன்பே கை துப்பாக்கியைக் கீழே அழுத்திவிடுகிறது. இதைக் கண்டறிய ஓர் அருமையான வழி உண்டு. தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகஸினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டாக்களை இன்னொருவர் கலந்து நிரப்பித் தர வேண்டும். போலித் தோட்டா வரும்போது வெடிப்பு இல்லை. ஆனால் குழல்முனை குனிவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வெட்கப்படாமல் இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நாளில் சுடும் நூற்றுக்கணக்கான தோட்டாக்களில் மிகுந்த பயன் தந்தவை இந்தப் பயிற்சியில் செலவானவையே என்று நான் கருதுகிறேன்.

சிக்கிக்கொண்ட துப்பாக்கியைச் சரிசெய்வது, அதாவது மேகஸினின் அடியில் தட்டி, துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடை முழு வீச்சில் இழுத்துவிடுவது, பழகப் பழகத் தானாக வந்துவிடும். இரண்டாம் நாள் வரும் சூழ்நிலைப் பயிற்சிகள் அப்படியல்ல. ஓர் இலக்கின் கையில் கத்தியும் அடுத்ததன் கையில் செல்பேசியும் வரைந்திருக்கும். திரும்பியதும் நொடிப் பொழுதில் பிரித்தறிய வேண்டும். சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-இல் எழுதிய கட்டுரையில், கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார் என்று காட்டினார். அந்த 21 அடிக்குள் வருகிற எவரையும் சுடலாம் என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. விலகி நகர்வது, காரையோ மேசையையோ இடையில் வைப்பது, உரக்க எச்சரிப்பது, முடிந்தால் அந்த இடத்தைவிட்டே போய்விடுவது ஆகியவற்றுக்கு எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறது என்பதையே அந்த அளவு உணர்த்துகிறது. சுடாமல் முடித்த சூழ்நிலைகளுக்குப் பயிற்றுநர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். அவற்றைப் பாராட்டத் தெரியாதவரிடம் மறுபடி பணம் கட்ட வேண்டாம்.

நல்ல பயிற்சியில், காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையைப் பயன்படுத்தவும், 911-ஐ அழைத்து முகவரி சொல்லவும் கற்றுத்தருவார்கள். விபத்து நேர்ந்தால் யார் அழைப்பது, யார் வாயிலுக்குப் போய் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுவது என்பதைக் காலையிலேயே பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும். அப்படிச் செய்யாத இடத்தில் நான் பயில மாட்டேன்.

இடைவேளையில் உண்பதற்கு முன் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கை, முகம் கழுவுங்கள். வீட்டில் அன்றைய உடைகளைத் தனியாகத் துவையுங்கள். டெக்சாஸில் 17 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு, நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி அஜாக்கிரதையாக வைப்பது குற்றம் என்பதால், பூட்டுப் பெட்டியைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும். பயிற்சி முடிந்த பிறகு வாரத்தில் சில நாள்கள், தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் வைத்துப் பூட்டி, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையும் மேகஸினும் காலியாக உள்ளனவா என இருமுறை சரிபார்த்து, குண்டைத் தாங்கக்கூடிய சுவரை நோக்கிப் பத்து நிமிடம் விசையை மெதுவாக இழுத்துப் பழகுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பிறகே தோட்டா இருக்கும் அறையைத் திறக்க வேண்டும்.