1842இல் சொன்னது மரபா, 1930இல் சொன்னதா?

கத்தோலிக்க அறநெறி இறையியலில் சீர்திருத்தம் வேண்டுவோருக்கும் மரபைக் காப்போருக்கும் இடையிலான சர்ச்சையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1968 ஜூலையிலிருந்து தொடங்குகிறார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை விலக்கி ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடலை வெளியிட்ட மாதம் அது. நான் அதற்கும் நெடுங்காலம் முன்பு, பிரான்சின் ல மான் மறைமாவட்டத்திலிருந்து உரோமைக்குப் போன ஒரு கடிதத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

அதை எழுதியவர் ஆயர் பூவியே. தம் மறைமாவட்டத்தின் இளம் தம்பதியர் ஏறத்தாழ எல்லாரும் அதிகப் பிள்ளைகள் வேண்டாமென்று நினைக்கிறார்கள், ஆனால் தாம்பத்திய உறவை விட்டிருக்கவும் அவர்களால் முடியவில்லை, அதனால் கணவன் இடையிலேயே விலகிக்கொள்கிறான். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவங்களை அறிக்கையிடும் வேளையில், குரு இதைத் துருவிக் கேட்டால் மனம் புண்பட்டுப் போகிறார்கள், பிறகு நற்கருணை முதலான அருட்சாதனங்களின் பக்கமே வருவதில்லை, நாங்கள் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி. 1842 ஜூன் 8 அன்று உரோமையின் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம் பதில் அனுப்பியது. அந்தச் செயல் பாவம் என்பதில் அது எதையும் தளர்த்தவில்லை. ஆனால், மணமானவர்களின் இத்தகைய பாவங்களைக் குரு தாமாக விசாரிக்கப் பொதுவாகக் கடமைப்பட்டவர் அல்லர், அப்படி விசாரிப்பது முறையும் அன்று, கேட்டால் ஒழிய மௌனமாக இருக்கட்டும் என்று புனித அல்போன்ஸ் லிகோரியை மேற்கோள் காட்டி அறிவுறுத்தியது.

லிகோரி யாரோ ஒரு கலகக்காரர் அல்லர். நேப்பிள்ஸில் வழக்குரைஞராகத் தொடங்கி, இரட்சகர் சபையை நிறுவி, திருச்சபையின் பேராசானாகிய மறைவல்லுநராக உயர்த்தப்பட்டவர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கும் அறநெறி இறையியலாளர்களுக்கும் பாதுகாவலர் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தது அவரைத்தான். மனிதரைப் பயமுறுத்தித் திருத்திவிடலாம் என்று நம்பிய ஜான்சேனியர் என்ற கடுநெறிப் பிரிவினரின் இறுக்கத்தை எதிர்த்து, ஐயத்துக்கு இடமான சட்டம் கட்டுப்படுத்தாது என்ற நெறியைத் தம் வாழ்நாள் முழுதும் செப்பனிட்டவர் அவர். தெரியாமல் செய்கிறவனிடம் சட்டத்தை எடுத்துச் சொல்வதால் அவன் திருந்தப்போவதில்லை, தெரிந்தே பாவம் செய்கிறவனாக மட்டும் ஆகிவிடுவான் என்றால், அவனை நல்லெண்ணத்தோடு விட்டுவிடுவதே பல வேளைகளில் மேல் என்பது அவர் கணக்கு. இதுவும் மரபுதான், ஆனால் இன்று மரபின் பெயரால் பேசுவோர் இதை அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை.

அந்த மௌனம் நீடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உரோமையின் குரல் இறுகத் தொடங்கியது. 1930 ஆகஸ்டில் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் சில சூழல்களில் கருத்தடையை ஏற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று பதினொன்றாம் பயஸ் ‘காஸ்தி கொன்னூபீ’ சுற்றுமடலில் பதிலடி கொடுத்தார். ஒப்புதலாலோ குற்றமுள்ள மௌனத்தாலோ விசுவாசிகளை இதில் தவறவிடும் குரு கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் எச்சரித்தார். 1842இல் குருவுக்கு உரிய விவேகமாக இருந்த மௌனம், 1930இல் குற்றமாகக்கூடிய மௌனம் ஆகிவிட்டது. போதனை மாறவில்லையே என்று சொல்லலாம். சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அந்தச் சிறு சன்னலுக்கு இப்பால் முழந்தாளிட்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல.

இந்தப் பின்னணியோடு பார்க்கும்போதுதான், இருபத்து மூன்றாம் யோவான் 1963இல் ஆறு பேரோடு தொடங்கி, ஆறாம் பவுல் எழுபதுக்கும் மேற்பட்டவர்களாக விரிவாக்கிய, கருத்தடையை ஆராயும் ஆணைக்குழுவில் உண்மையில் என்ன நடந்தது என்பது விளங்குகிறது. அதில் மருத்துவர்கள் இருந்தார்கள், மக்கள்தொகை வல்லுநர்கள் இருந்தார்கள், சிகாகோவைச் சேர்ந்த பேட்ரிக், பேட்டி குரோலி போன்ற தம்பதியரும் இருந்தார்கள். குரோலி தம்பதியர் தங்கள் கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்தின் குடும்பங்களிடமிருந்து திரட்டிக் கொண்டுவந்த கடிதங்களில், கருத்தரிக்காத நாள் எண்ணி உறவு கொள்ளும் முறை தங்கள் இல்லறத்தை என்ன பாடுபடுத்துகிறது என்று பக்தியுள்ள கத்தோலிக்கர்களே எழுதியிருந்தார்கள். உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தின் யோசேப் பூக்ஸ் என்ற இயேசு சபையார் பழைய போதனையின் நம்பிக்கையான ஆசிரியராக உள்ளே வந்து, மாறிய கருத்தோடு வெளியே போனார். 1966இல் இறையியலாளர்களில் 15 பேர், கருத்தடை தன்னிலேயே தீயது அன்று என்றார்கள், மறுத்தவர்கள் நால்வர்.

நான் அதிகம் படித்தது அந்த நால்வரின் வாதத்தைத்தான். ஜான் ஃபோர்டு முதலான அவர்கள், கருத்தடை தீயது என்பதை இயற்கைச் சட்டத்தைக்கொண்டு மட்டும் ஐயமற நிறுவ முடியும் என்று பெரிதாக வாதிடவில்லை. போதனை மாறினால், 1930இல் தூய ஆவியார் உரோமையோடு அல்ல, ஆங்கிலிக்கன் ஆயர்களோடு இருந்தார் என்றல்லவா ஆகும் என்று கேட்டார்கள். ஸ்பெயின் நாட்டு இயேசு சபையாரான மார்செலினோ சால்பா, அப்படியானால் நாம் நரகத்துக்கு அனுப்பிவைத்த இலட்சக்கணக்கானோர் கதி என்ன என்று கூட்டத்தில் கேட்டதாகவும், நீங்கள் இட்ட கட்டளைகளையெல்லாம் கடவுள் நிறைவேற்றிவிட்டார் என்று மெய்யாகவே நம்புகிறீர்களா தந்தையே என்று பேட்டி குரோலி திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. கருத்தடை சரியா தவறா என்ற கேள்வி, திருச்சபை தவறியிருக்க முடியுமா என்ற கேள்விக்குள் அன்றே கரைந்துபோனது என்பது என் எண்ணம். ‘ஹூமானே வீத்தே’யின் 6ஆம் பத்தியும் அதே தடத்தில்தான் செல்கிறது: ஆணைக்குழுவில் முழு உடன்பாடு இல்லை, முன்வைக்கப்பட்ட சில அளவுகோல்கள் மாறாத போதனையிலிருந்து விலகின, எனவே அதன் முடிவை ஏற்பதற்கில்லை. அதன்பின் இறக்கும்வரை பத்து ஆண்டுகள் ஆறாம் பவுல் வேறொரு சுற்றுமடலை எழுதவில்லை.

அமெரிக்காவில் குருவும் இறையியலாளருமான சார்லஸ் கரன், அந்தச் சுற்றுமடல் வெளியான மறுநாளே எதிர் அறிக்கை வெளியிட்டார். அறுநூறுக்கும் மேற்பட்டோர் நாளடைவில் அதில் கையொப்பமிட்டார்கள். அவர் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று 1986இல், உரோமையின் போதனைக் காப்புத் துறைக்குத் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கரின் கடிதம் அறிவித்தது. எங்கள் ஊர்ப் பங்குகளிலோ திருமணத் தயாரிப்பு வகுப்பில் இது ஒரு மணி நேரப் பாடமாக நடக்கிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை, வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்கிறார்கள். ல மான் ஆயருக்கு இது புதிதாக இருந்திராது.

இரண்டாம் யோவான் பவுல் 1993இல் எழுதிய ‘வெரித்தாத்திஸ் ஸ்பிளெண்டோர்’, சூழலும் நோக்கமும் எதுவாயினும் தன்னிலேயே தீயவையான செயல்கள் உண்டு என்று திட்டவட்டமாக நிறுவ முயன்றது. விளைகிற நன்மை தீமைகளை எடைபோட்டே ஒரு செயலை மதிப்பிட முடியும் என்ற கருத்தை அது நிராகரித்தது. ரிச்சர்ட் மெக்கார்மிக் போன்ற இறையியலாளர்கள், இதில் கண்டிக்கப்படும் கருத்து எங்களுடையதே அன்று என்று முறையிட்டார்கள். எனக்கு இந்த மடலின் மையக் கூற்றில் உடன்பாடு உண்டு. சித்திரவதையைத் தேவை கருதி ஏற்றுக்கொள்ளலாம் என்று பேசுகிற உலகில், எந்நிலையிலும் செய்யக்கூடாதவை சில உண்டு என்று சொல்ல ஒருவர் வேண்டும். சிக்கல் 80ஆம் பத்தியின் பட்டியலில் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சொற்களில் அமைந்த அப்பட்டியலில் அடிமைமுறையும் உண்டு. அடிமைமுறை தன்னளவில் இயற்கைச் சட்டத்துக்குச் சிறிதும் முரணானது அன்று என்று, போதனையைக் காக்கும் துறையான உரோமையின் திரு அலுவலகம் பதிலெழுதியது 1866இல். வட்டியின் கதையும் இப்படித்தான்: வட்டி வாங்குவது பாவமன்று என்று பிடிவாதமாகச் சொல்வது தப்பறை என 1311-12இல் பிரான்சின் வியன் நகரில் கூடிய திருச்சங்கம் தீர்ப்பளித்தது, இன்று வத்திக்கானுக்குள்ளேயே ஒரு வங்கி இருக்கிறது. மாறியது பணத்தின் இயல்புதான், கொள்கை அன்று என்று மரபுவாதிகள் தரும் விளக்கம் எளிதில் தள்ளக்கூடியது அன்று. ஆனால் பணத்துக்கு அனுமதிக்கப்படும் அந்த விளக்கம் இல்லறத்துக்கு ஏன் அனுமதிக்கப்படுவதில்லை என்பதற்கு நிறைவான பதிலை நான் இதுவரை காணவில்லை.

2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘அன்பின் மகிழ்வு’ ஊக்கவுரையின் 351ஆம் அடிக்குறிப்பில், சிக்கலான மண உறவுகளில் வாழ்வோருக்குச் சில சூழல்களில் அருட்சாதனங்களின் உதவியும் கிடைக்கலாம் என்றும், பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக் கூடமாக இருக்கக்கூடாது என்றும் எழுதியபோது, லிகோரியின் குரலே எனக்குக் கேட்டது. நான்கு கர்தினால்மார் அந்த ஊக்கவுரையைப் பற்றி முறைப்படி ஐந்து ஐயங்களை எழுப்பி, ஆம் அல்லது இல்லை என்ற பதிலைக் கோரினார்கள். அவற்றில் மூன்று 1993ஆம் ஆண்டு மடலை ஆதாரமாகக் காட்டின. பதில் வரவில்லை. நால்வரில் மைஸ்னரும் கஃபார்ராவும் 2017இல் இறந்தார்கள்.

2023இல் வேறு மூவர் சேர, ஐந்து கர்தினால்மார் புதிய ஐயங்களை அனுப்பினார்கள். இறைவெளிப்பாட்டைக் காலத்துக்கேற்ப மறுவிளக்கம் செய்யலாமா என்பது முதல் கேள்வி. இம்முறை பிரான்சிஸ் பதில் எழுதினார்: மாறாத சாரத்தையும் காலத்தின் கறையையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது என்றார், அதற்குச் சான்றாக அடிமைமுறையைப் பொறுத்துக்கொண்ட திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸின் 1452ஆம் ஆண்டு ஆணை மடலையே எடுத்துக்காட்டினார். கேட்டவர்களுக்கு அது போதவில்லை. ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்விகளைத் திருத்தி எழுதி ஆகஸ்டில் மறுபடியும் அனுப்பினார்கள்.