ஜெயித்த பணம் கைக்கு வர 25 நாள்

நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்போது வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. 41,850 ரேண்ட் வரவு. ஷூவை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். ஜெயித்த இரவிலிருந்து எண்ணினால் 25 நாள். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் நம்மவர்கள் நிறையப் பேர் போனில் இணையக் கேசினோ ஆடுகிறார்கள் என்று தெரியும். அவர்களில் ஒருவராவது என்னைப் போல அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கணக்குத் திறந்தது, 500 ரேண்ட் போட்டது, 500 போனஸ் வாங்கியது எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அப்போது யாரும் ஒரு காகிதம் கேட்கவில்லை. போனஸ் பணம் கைக்கு வர வேண்டுமானால் அதைப் போல முப்பது மடங்குக்குப் பந்தயம் வைத்திருக்க வேண்டும்; அந்த 15,000 ரேண்டையும் ஆடி முடித்தேன். அப்புறம் ரூலெட் என்கிற சுழல் சக்கர ஆட்டத்தில் நான் வைத்த ஒரே எண்ணில் இரண்டு தடவை விழுந்தது. அம்மாவை ஊரிலிருந்து இங்கே அழைத்துவர டிக்கெட்டுக்குச் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அன்று இரவே பணத்தை வங்கிக்கு எடுக்க வித்ட்ராவல் போட்டேன். மறுநாள் காலை பார்த்தால் கணக்கு பூட்டிக் கிடக்கிறது. "சரிபார்ப்பு நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி மட்டும்.

கேட்டது மூன்று: அடையாளம், மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று, வங்கிக் கணக்குச் சான்று. இது அவர்கள் இஷ்டத்துக்குக் கேட்பதல்ல, கறுப்புப் பணத்தைத் தடுக்கும் ஃபைக்கா என்கிற 2001ஆம் ஆண்டு சட்டம் வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கச் சொல்கிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை. பணத்தை வாங்கும்போது கேட்காமல் ஏன் கொடுக்கும்போது கேட்டார்கள் என்பதுதான் என் கோபம்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறேன். தண்ணீர், கரண்ட் பில் எல்லாம் வீட்டுக்கார அம்மா பெயரில். அப்படியானால் போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் வாங்கி வாருங்கள் என்றார்கள். அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் கவுன்டரில் இருந்த பெண் சொன்னார்: "நீங்கள் அங்கே குடியிருப்பதாக வீட்டுச் சொந்தக்காரர்தான் சத்தியம் செய்ய வேண்டும். அவரை அழைத்து வாருங்கள்." திரும்பி வந்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. "எதுக்குத் தம்பி என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுறே?" என்று முதலில் பயந்தார். சொன்னதும், மாத்திரை வாங்க கிளினிக் போகிற நாளில் அப்படியே வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அன்று அவர் பேனாவை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோது எனக்கு மனசே சரியில்லை. என் பணத்துக்காக இந்த வயதில் ஒருத்தரை இப்படி அலைய வைக்கிறோமே என்று இருந்தது. ஸ்டாம்ப் அடித்துக் கொடுத்தார்கள், ஒரு காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நிராகரித்தார்கள். காரணம், ஸ்டாம்பில் தேதி மங்கலாக இருக்கிறதாம்! அந்தக் காகிதத்தையே பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து ஸ்கேன் செய்து அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்கு முன்பே ஸ்டாம்பைப் பாருங்கள். மை மங்கலாக இருந்தால் அங்கேயே இன்னொன்று அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த தலைவலி, பெயர். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். வங்கி என்னை அப்பா பெயராலேயே அழைக்கிறது, என் பெயர் அங்கே வெறும் இனிஷியல். கேசினோ கணக்கில் நான் போட்டதோ என் பெயரும் அப்பாவின் இனிஷியலும். "வேறு ஒருவருடைய வங்கிக் கணக்கு" என்று மெயில் வந்தது. சரி, பெயர்தானே என்று வங்கியில் போய்க் கடிதம் கேட்டேன். அங்கேதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. வங்கிக் கணக்கு என் பழைய பாஸ்போர்ட் எண்ணில் இருக்கிறது. புதுப்பித்தபோது எண் மாறிவிட்டது, நான் வங்கிக்குச் சொல்லவே இல்லை. கணக்கு யாருடையது என்று சரிபார்க்கும்போது அடையாள எண்ணையும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறார்கள். பழைய பாஸ்போர்ட், புதிய பாஸ்போர்ட் இரண்டையும் கொண்டுபோய் மாற்றியதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இந்திய பாஸ்போர்ட்டில் இங்கே இருப்பவர்கள் இதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். கேசினோவை விடுங்கள், வேறு எதற்கும் இது இடிக்கும்.

இத்தனை நாளும் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் மின்னிக்கொண்டே இருந்தது: வித்ட்ராவலை ரத்து செய்து ஆட்டத்தைத் தொடருங்கள். டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் என் மச்சான் போன வருடம் இதே மாதிரிக் காத்திருந்து, நான்காம் நாள் ராத்திரி அதை அழுத்தி, விடிவதற்குள் 9,000 ரேண்டையும் விட்டார். தாமதத்தையும் அந்தப் பொத்தானையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. அந்த செயலியை போனிலிருந்தே எடுத்துவிட்டு, மெயிலில் மட்டும் பேசினேன்.

காகிதம் எல்லாம் சரியானபின் கடைசி அடி விழுந்தது. போனஸ் ஓடும்போது ஒரு ஆட்டத்துக்கு 50 ரேண்டுக்கு மேல் வைக்கக்கூடாது, நீங்கள் விதியை மீறினீர்கள், ஆகவே ஜெயித்தது செல்லாது என்றார்கள். நல்லவேளை, அன்று இரவே போனஸ் பக்கத்தையும் ஆட்ட வரலாற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். போனஸ் முடிந்தது 9.14க்கு, நான் ரூலெட்டைத் தொட்டதே 9.52க்கு. இரண்டு படத்தையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கினேன். ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம் அவர்களுக்கு உரிமம் கொடுத்த மாகாண சூதாட்ட வாரியத்துக்கு அதே கடிதத்தை அனுப்பி, நகலை இவர்களுக்கும் போட்டேன். மூன்றாம் நாள் பணம் வந்துவிட்டது.

வாரியம் என்று ஒன்று இருந்ததால்தான் இது நடந்தது. என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் வெளிநாட்டு உரிமம் உள்ள தளத்தில் ஆடி ஜெயித்தார்; தளத்துக்காரர்கள் கணக்கையே மூடிவிட்டார்கள், அவருக்கு முறையிட இடமே இல்லை. இங்கே 2004ஆம் ஆண்டு தேசிய சூதாட்டச் சட்டம் உரிமமில்லாத இணையக் கேசினோவைத் தடை செய்கிறது. இணையக் கேசினோவுக்கு உரிமம் தர வழிவிடும் 2008 திருத்தச் சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவே இல்லை; அதனால் இங்கே தளங்கள் மாகாணப் பந்தய உரிமத்தின் கீழ்தான் ரூலெட்டை நடத்துகின்றன. சர்வர் எந்த நாட்டில் இருந்தாலும், ஆடுகிறவர் இங்கே இருந்தால் ஆட்டம் இங்கேதான் நடக்கிறது என்று 2011இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டவிரோதமாக ஜெயித்த பணம் அரசுக்கே போகவும் வழி இருக்கிறது. தளத்தின் அடியில் எந்த மாகாணத்தின் உரிம எண் இருக்கிறது என்று பார்க்காமல் பத்து ரேண்ட்கூடப் போடாதீர்கள்.

பணம் வந்த அன்று மதியமே அவர்களிடமிருந்து போன். வி.ஐ.பி. மேலாளராம், 50 இலவச ஸ்பின் தருகிறாராம். ஆனால் அதே தளத்தில் நான் வைக்கும் கிரிக்கெட் பந்தயத்தின் வரம்பை மட்டும் 20 ரேண்டுக்கு இறக்கிவிட்டார்கள். ரூலெட்டில் 37 கட்டம், ஒரு எண்ணில் வைத்து அது விழுந்தால் வைத்த காசோடு கூடுதலாகக் கிடைப்பது 35 மடங்கு. எவ்வளவு ஜெயித்தாலும் தொடர்ந்து ஆடினால் 100க்கு 2.7 அவர்கள் பக்கம் ஒதுங்கும், அதனால் ரூலெட்காரனைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். பந்தயத்தில் கணக்குப் போட்டு ஜெயிக்கிறவனுக்குத்தான் கதவைச் சாத்துகிறார்கள். வரம்பைப் பற்றிக் கேட்டேன். அது வேறு பிரிவு என்றார்.

அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கணக்கை மூடச் சொல்லி நேற்று ராத்திரி மெயில் போட்டேன். அதற்கும் பாஸ்போர்ட் நகல் கேட்டிருக்கிறார்கள். அனுப்பிவிட்டேன்.