மறுப்பு எழுதினால் வதந்திக்குத்தான் ரீச்

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சென்னைச் செய்தி அலுவலகங்களின் சோசியல் மீடியா டெஸ்க்குக்கு ஒரு பதிவு தவறாமல் வந்து சேரும்: "செம்பரம்பாக்கம் ஏரி உடைஞ்சிடுச்சாம், அடையாறு கரையில இருக்கறவங்க உடனே கிளம்புங்க." கூடவே 2015 வெள்ளத்தில் எடுத்த வீடியோ. பதறிப்போய் அதன் கீழேயே "இது பொய், பழைய வீடியோ" என்று பதில் போடுவதுதான் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

2023 மார்ச் 31 அன்று ட்விட்டர், எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் தன் பரிந்துரை நிரலைப் பொதுவில் வைத்தது. தொடர்ந்து வெளியான எடைப் பட்டியலில் லைக்குக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, பதிலுக்கு 13.5. பதில் போட்டவரோடு பதிவிட்டவரே வந்து பேசினால் 75. (விழுந்த லைக்கை எண்ணிப் பெருக்குவதில்லை, பதிவைப் பார்க்கப்போகிறவர் லைக்கோ பதிலோ போட எவ்வளவு வாய்ப்பு என்ற கணிப்பைத்தான் இந்த எடையால் பெருக்குகிறார்கள்.) எடைகள் பிறகு மாறலாம், ஆனால் அந்தக் கணக்குக்குத் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான். வதந்திக்காரரோடு நாலு சுற்று மல்லுக்கு நின்றால் அவர் பதிவுதான் மேலே ஏறும். அதே பட்டியலில் புகாருக்கு மைனஸ் 369. துடிக்கும் கையை அந்தப் பக்கம் திருப்புவது மேல். ஃபேஸ்புக்கும் சளைத்ததல்ல: 2017இல் கோப முகத்துக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து, 2020இல்தான் அதைப் பூஜ்யமாக்கியது.

மறுப்பைத் தனிப் பதிவாகவே போட வேண்டும். நீர்வளத் துறையின் எண் முதல் வரியில் வரட்டும்: "செம்பரம்பாக்கம்: முழு உயரம் 24 அடி, நீர்மட்டம் இவ்வளவு, நீர்வரத்து, வெளியேற்றம் இவ்வளவு கன அடி. நவம்பர் 30, காலை 6 மணி." தேதியும் மணியும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "இன்று காலை" என்று எழுதவே கூடாது. டைம்லைன் நேர வரிசையில் ஓடுவதில்லை. செவ்வாய்க்கிழமை போட்ட "500 கன அடி திறப்பு" வியாழக்கிழமை ஒருவர் கண்ணில் படும், அதற்குள் திறப்பு பல மடங்கு ஏறியிருக்கும். நாம் எழுதிய உண்மையே அன்றைக்கு வதந்தி.

வதந்தியின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் "பொய்" என்ற சொல் படத்தின் குறுக்கே முழுசாக ஓட வேண்டும். மூலையில் வைத்த முத்திரையை வெட்டிவிட்டு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு நிமிடம் ஆகாது. அங்கே ஃபார்வர்டுக்கு 2018 முதல் ஐந்து சாட் என்று வரம்பு இருக்கிறது. ஆனால் வெட்டிய படத்தைப் புதிதாக ஏற்றினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

எல்லாவற்றையும்விட மோசம், கேள்விக்குறித் தலைப்பு. "செம்பரம்பாக்கம் உடைந்ததா?" என்று போட்டு, உள்ளே ஏழாவது வரியில் "இல்லை" என்பார்கள். ஓடும் பேருந்தில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு அந்த 'தா' தெரியாது. உடைந்தது என்றே வீட்டுக்குப் போன் போடுவார். மாதக் கடைசி ரீச் அறிக்கையில் பெரும்பாலும் அந்தத் தலைப்புதான் முதலிடத்தில் இருக்கும். காலை 6 மணி, 24 அடி என்று எழுதியதைத் தேடக் கீழே நெடுந்தூரம் போக வேண்டும்.